மறுமுனையில் இருப்பவருக்குச் சாலை தெரியாது

வண்டி ஓட்டிக்கொண்டே போனில் பேசுபவரைத் திட்டாத ஆள் கிடையாது. கழுத்தைச் சாய்த்துத் தோளில் போனை இடுக்கிக்கொண்டு போகிறவர், ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு போகிறவர், மடியில் வைத்து எதையோ தட்டிக்கொண்டு போகிறவர் என்று எல்லோருக்கும் வசவு உண்டு. நியாயமான வசவுதான். ஆனால் இரண்டு கை சேர்ந்தால்தானே ஓசை? அவர் பேசுகிறார் என்றால் மறுமுனையில் இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கிறார். பல நேரங்களில் கூப்பிட்டதே அவர்தான். வீட்டில் நாற்காலியில் சாய்ந்துகொண்டோ, அலுவலகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டோ இருக்கிற அந்த ஆளை நாம் திட்டுவதில்லை. எனக்கு அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

2013 ஜூலை 24 அன்று ஸ்பெயினில், சாண்டியாகோ டி கம்போஸ்டெலா நகரை நெருங்கிக்கொண்டிருந்த அதிவேக ரயில் ஒன்று வளைவில் தடம் புரண்டது. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள். அந்த வளைவுக்கு உரிய வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். ரயில் வந்த வேகம் 179 கிலோமீட்டர். ஓட்டுநர் குடித்திருக்கவில்லை, தூங்கிவிடவும் இல்லை, அனுபவம் இல்லாதவரும் இல்லை. வெட்டிக்கதை பேசிக்கொண்டும் இருக்கவில்லை. டிக்கெட் பரிசோதகர் வேலை விஷயமாகக் கூப்பிட்டிருந்தார். அடுத்து வரப்போகிற ஒரு நிலையத்தில் பயணிகள் இறங்க வசதியாக எந்த நடைமேடைக்குப் போகலாம் என்பது பேச்சு. ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் நீண்டது. பேசி முடித்த சில வினாடிகளில் வளைவு வந்துவிட்டது. எங்கே வந்துகொண்டிருக்கிறோம் என்ற கணக்கு ஓட்டுநருக்குத் தவறிப்போயிருந்தது.

அந்த இடத்தில் ரயிலின் வேகத்தைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு இல்லாததும் விபத்துக்குக் காரணம் என்று பிறகு வழக்கில் பேசப்பட்டது. பழி முழுவதையும் ஒரு போன் அழைப்பின் தலையில் கட்ட முடியாது. எனக்கு மறக்க முடியாமல் இருப்பது வேறு ஒன்று. கூப்பிட்ட பரிசோதகரும் அதே ரயிலில்தான் இருந்தார். அதே தண்டவாளம், அதே வேகம், அதே வளைவு. ஆனால் ஓட்டுநரின் கண்ணாடி வழியாகத் தெரிவது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. ஒரே வண்டியில் இருப்பவருக்கே இந்த நிலை என்றால், வீட்டில் உட்கார்ந்து கூப்பிடும் நமக்கு என்ன தெரியும்?

சரி, இது ரயில். சாலைக்கு வருவோம்.

போன் பேசுவதால் ஆபத்து கூடுகிறதா என்பதைச் சோதிப்பது நினைப்பதைவிடக் கடினம். போன் பேசுபவர்கள் அதிகம் மோதுகிறார்கள் என்று கண்டுபிடித்தால், 'அவர்கள் இயல்பிலேயே அவசரக்காரர்கள், போன் இல்லாவிட்டாலும் மோதியிருப்பார்கள்' என்று யாராவது சொல்லிவிடலாம். 1997இல் கனடாவின் டொரொண்டோவில் டொனால்ட் ரெடல்மயரும் ராபர்ட் டிப்ஷிரானியும் இந்தச் சிக்கலை அழகாகத் தாண்டினார்கள். விபத்தில் சிக்கிய, போன் வைத்திருந்த 699 ஓட்டுநர்களை எடுத்துக்கொண்டார்கள். மோதலுக்குச் சற்றுமுன் அவர் பேசினாரா என்று போன் பதிவுகளைப் பார்த்தார்கள். முந்தைய நாள் அதே நேரத்தில் பேசினாரா என்றும் பார்த்தார்கள். அதாவது ஒரு மனிதரை இன்னொரு மனிதரோடு ஒப்பிடாமல், அவரை அவரோடே ஒப்பிட்டார்கள். அவசரக்காரராக இருந்தால் இரண்டு நாளும் அவசரக்காரர்தானே. பேசும்போது மோதும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு என்று விடை வந்தது. 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களிடம் இதே முறையில் நடந்த ஆய்விலும் அதே 4 மடங்குதான் வந்தது.

இரண்டு ஆய்வுகளிலும் இன்னொரு செய்தி இருந்தது. கையில் பிடித்துப் பேசினாலும், கையில் பிடிக்காமல் பேசினாலும் ஆபத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்தச் செய்தி மட்டும் மக்களிடம் வந்து சேரவே இல்லை. 'ப்ளூடூத்தில்தான் பேசுறேன், ஒண்ணும் ஆகாது' என்பதைக் கேட்காத வாரம் எனக்குக் கிடையாது. என் சித்தப்பா புதிய கார் வாங்கியபோது அதன் ஸ்பீக்கரில் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசிக் காட்டினார். 'ரெண்டு கையும் ஸ்டியரிங்கில, கண்ணு ரோட்டில, வாய் மட்டும்தான் வேலை செய்யுது' என்றார் பெருமையாக. கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது. அவர் கணக்கில் விட்டுப்போனது மூளை.

கண் சாலையில் இருப்பது வேறு, சாலையைப் பார்ப்பது வேறு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவும் பல ஆண்டுகளாக ஆட்களை உட்காரவைத்து, ஓட்டுவது போன்ற அனுபவம் தரும் கருவியில் சோதித்து வருகிறார்கள். கண் எங்கே போகிறது என்பதையும் பதிவு செய்தார்கள். போனில் கையைப் பயன்படுத்தாமல் பேசியவர்களின் கண்கள் சாலையோரப் பொருள்கள் மேல் நேராகவே படிந்திருந்தன. பிறகு அந்தப் பொருள்களைக் காட்டிக் கேட்டால், பேசாமல் ஓட்டியவர்களைவிட மிகக் குறைவாகவே அடையாளம் சொன்னார்கள். ஒளி கண்ணுக்குள் போயிருக்கிறது. அதற்குமேல் போகவில்லை.

நடப்பவர்களிடமே இது தெரிகிறது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் திறந்தவெளியில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு கோமாளியைச் சுற்றவிட்டு, அந்த வழியாக நடந்து போனவர்களிடம் 'கோமாளியைப் பார்த்தீர்களா' என்று கேட்டார்கள். 2010இல் வெளிவந்த ஆய்வு அது. போன் பேசிக்கொண்டு நடந்தவர்களில் 4 பேருக்கு ஒருவர்தான் பார்த்ததாகச் சொன்னார். இருவராகச் சேர்ந்து பேசிக்கொண்டே நடந்தவர்களில் பெரும்பாலானோர் பார்த்திருந்தார்கள். வண்ண உடையில் ஒற்றைச் சக்கரத்தில் போகும் கோமாளியையே காணாதவர், மங்கிய வெளிச்சத்தில் சாலையைக் கடக்கும் ஒருவரைக் காண்பார் என்று எப்படி நம்புவது?

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2008இல் மூளையையே ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஓட்டும் கருவியைக் கையாண்டுகொண்டே சிலர் வாக்கியங்களைக் கேட்டு, அவை சரியா தவறா என்று மட்டும் சொல்ல வேண்டும். பேச்சு கூட இல்லை, கவனித்துக் கேட்பதுதான் வேலை. இடத்தையும் தூரத்தையும் கணிக்கிற மூளைப் பகுதியில், ஓட்டுவதற்காக நடக்கும் செயல்பாடு 37 சதவீதம் குறைந்தது. இரண்டையும் ஒன்றாகச் செய்வதாக நமக்குத் தோன்றுகிறது. உள்ளே, ஒன்றுக்குக் கொடுப்பதற்கு இன்னொன்றிலிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறது மூளை.

இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி: 'அப்போ பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசுவதும் ஆபத்துதானே? ரேடியோ கேட்பது?' நல்ல கேள்வி. இதற்கான பதிலில்தான் என் புகாரின் மையமே இருக்கிறது. ரேடியோவுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கடி வந்தால் அது என்ன சொல்கிறது என்பதே காதில் ஏறாது, அதற்காக அது கோபித்துக்கொள்ளவும் செய்யாது. பக்கத்து இருக்கைக்காரர் அதற்கும் ஒருபடி மேல். ஸ்ட்ரேயரின் குழு 2008இல் இதைச் சோதித்தது. நண்பரோடு பேசிக்கொண்டே நெடுஞ்சாலையில் ஓட்டி, ஒரு குறிப்பிட்ட இடத்தில் விலகி ஓய்விடத்துக்குள் போக வேண்டும். நண்பர் பக்கத்தில் இருந்தபோது பெரும்பாலானவர்கள் சரியாகத் திரும்பினார்கள். அதே நண்பர் போனில் இருந்தபோது பாதிப்பேர் அந்த இடத்தைத் தவறவிட்டார்கள். இருவருமே கதைதான் பேசினார்கள். ஆனால் பக்கத்தில் இருந்தவர் சாலையில் நெரிசல் கூடும்போது பேச்சைக் குறைத்தார், போக்குவரத்தைப் பற்றியே பேசினார், வழி பார்த்துச் சொன்னார். அவரும் தன்னையறியாமல் கொஞ்சம் ஓட்டினார் என்று சொல்லலாம்.

போனில் இருப்பவர் என்ன செய்கிறார்? முன்னே போகும் லாரி திடீரென்று பிரேக் போடுகிறது. ஓட்டுபவர் 2 வினாடி வாயை மூடுகிறார். அந்த 2 வினாடிதான் அவர் அன்றைக்குச் செய்த மிகச் சரியான காரியம். மறுமுனையிலிருந்து வருவது: 'ஹலோ? ஹலோ? கேக்குதா? லைன்ல இருக்கியா?' கவனம் மிகவும் தேவைப்படுகிற அந்தக் கணத்தில், துளியும் கெட்ட எண்ணம் இல்லாத ஒரு மனிதர் அதைப் பிடித்து இழுக்கிறார். வேண்டுமென்று செய்தால் குற்றம் என்போம். போனில் மௌனம் என்றால் தொடர்பு அறுந்துவிட்டது என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். இடைவெளி விட்டால் அவமரியாதை மாதிரி. பெரியவர் ஒருவர் பேசும்போது 'ம்' கொட்டாமல் இருக்க முடியுமா? முன்னால் லாரி நின்றாலும் 'சொல்லுங்க மாமா' என்றுதான் நாக்கு முதலில் அசையும்.

குறுஞ்செய்தி பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, அதன் ஆபத்து எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்கிறோம் என்பது தனிக் கதை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாரிகளில் கேமரா பொருத்திப் பார்த்ததில், செய்தி தட்டும்போது ஏற்பட்ட ஆபத்தான தருணங்களில் ஓட்டுநரின் கண் 6 வினாடியில் 4.6 வினாடி சாலையில் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது சாதாரண வேகம். அதில் வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறோம். 4.6 வினாடியில் சுமார் 77 மீட்டர். அவ்வளவு தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

'எனக்குப் பழகிடுச்சு' என்கிறவர்களிடம் வாதாடி ஜெயித்ததே இல்லை. உண்மையிலேயே இரண்டையும் பழுதில்லாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2010இல் ஸ்ட்ரேயரும் ஜேசன் வாட்சனும் 200 பேரைச் சோதித்தபோது 2.5 சதவீதம் பேர் அப்படித் தேறினார்கள். 200க்கு 5 பேர். அந்த ஐவரில் தானும் ஒருவர் என்றுதான் மீதி 195 பேரும் நினைப்பார்கள். இன்னும் வேடிக்கை, 2013இல் ஸ்ட்ரேயரின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த வேறொரு ஆய்வு. ஒரே நேரத்தில் பல வேலை செய்வதில் தாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நம்பி, அதிகமாக அப்படிச் செய்கிறவர்கள்தான் சோதனையில் மோசமாகச் செய்தார்கள்.

இந்த நம்பிக்கை ஏன் உடைவதில்லை என்று யோசித்திருக்கிறேன். பார்க்காமல் விட்ட விஷயம் நினைவில் பதியாது. பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தவருக்கு, வழியில் ஒரு சைக்கிள்காரர் பதறி ஒதுங்கியதோ, பின்னால் வந்தவர் பிரேக்கை மிதித்துத் தப்பித்ததோ தெரியவே தெரியாது. அவர் மனதில் இருப்பது சுகமாக வந்து சேர்ந்த ஒரு பயணம். இப்படியே ஆயிரம் பயணம் சேர்ந்தால் அதற்குப் பெயர் அனுபவம். அவரை ஆயிரம் முறை காப்பாற்றியவர்கள் மற்றவர்கள். அவர்களிடம் யார் போய்க் கேட்பது?

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாலைப் போக்குவரத்து பற்றிய 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில் பின்னர் சேர்த்த திருத்தம், ஓடும் வண்டியில் ஓட்டுபவர் கையில் போன் பிடிப்பதை நாடுகள் தடை செய்ய வேண்டும் என்கிறது. பிரிட்டன் 2003 டிசம்பரில் கையில் பிடித்துப் பேசுவதைத் தடுத்தது. 2022 மார்ச்சில் போட்டோ எடுப்பது, பாட்டுத் தேடுவது, விளையாடுவது எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்தது. எங்கும் பேச்சு கையைச் சுற்றியே இருக்கிறது. காரணம் எளிது. போலீஸ்காரர் கண்ணுக்குக் கை தெரியும், கவனம் தெரியாது. அது சட்டத்தின் குறை என்று நான் சொல்ல மாட்டேன், கண்ணுக்குத் தெரிவதைத்தான் பிடிக்க முடியும். ஆனால் கையைத் தடை செய்த சட்டத்தை, காதுக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டாக நாம் படித்துக்கொண்டோம். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 டிசம்பரில், கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அவசரத் தேவை தவிர, ஓட்டும்போது போன் பேச்சையே தடை செய்ய வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் பரிந்துரைத்தது. அதற்குக் காரணமாக இருந்த விபத்து, 2010 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தில் நடந்தது. 19 வயது ஓட்டுநர் ஒருவர் மோதலுக்கு முந்தைய 11 நிமிடங்களில் 11 செய்திகளை அனுப்பியும் பெற்றும் இருந்தார். அவரும் பின்னால் வந்த பள்ளிப் பேருந்தில் இருந்த ஒரு மாணவியும் இறந்தார்கள். அந்த 11 செய்திகளுக்கும் ஒரு மறுமுனை இருந்தது.

இதில் எனக்குக் கோபம் வருவது உறவுக்காரர்கள் மேல் அல்ல, வேலை கொடுப்பவர்கள் மேல். பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிற பையனுக்குப் போன்தான் வரைபடம், போன்தான் முதலாளி, போன்தான் சம்பளம். அடுத்த ஆர்டர் திரையில் மின்னும், சில வினாடிக்குள் ஏற்க வேண்டும். வாடிக்கையாளர் கூப்பிட்டு 'எங்க வந்துட்டிருக்கீங்க, தம்பி?' என்பார். அந்தப் பையன் போனைத் தொடாமல் ஓட்ட வேண்டும் என்று மேடையில் அறிவுரை சொல்வது சுலபம். தொட்டால்தான் கூலி என்று அமைத்தவரை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆர்டர் காட்டாமல் இருக்க ஒரு செயலிக்குத் தெரியாதா என்ன? வண்டி எந்தச் சந்தில் திரும்புகிறது என்பதையே அது அறிந்து வைத்திருக்கிறது. அலுவலகங்களும் இதே ரகம்தான். 'டிரைவ் பண்றேன் சார்' என்றால் 'பரவாயில்ல, கேட்டுட்டே வாங்க' என்று பதில் வரும் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பரவாயில்லை என்று சொல்ல அவருக்கு என்ன உரிமை? சாலையில் இருப்பது அவர் இல்லையே.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதும் ஏமாற்றுதான். காரின் குரல்வழி வசதிகளைச் சோதித்த ஸ்ட்ரேயர் குழு, சில கருவிகளில் வேலை முடிந்த பிறகும் 27 வினாடி வரை கவனம் முழுதாகத் திரும்புவதில்லை என்று 2015இல் கண்டது. விளக்கு பச்சையாகி, குறுக்குச் சாலையைத் தாண்டி, அடுத்த வளைவு வரை போய்விடலாம் அதற்குள்.

நான் செய்வது சின்ன விஷயம். யாரைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி 'வண்டியிலயா?' என்பதுதான். ஆமாம் என்றால், அல்லது ஹாரன் சத்தமோ காற்றின் இரைச்சலோ கேட்டால், 'அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுவேன். 'இல்ல இல்ல, பரவாயில்ல, சொல்லு' என்று அவர் முடிப்பதற்குள் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வோம். என் அத்தைக்கு இதில் வருத்தம். 'மூஞ்சில அடிச்ச மாதிரி வெச்சுட்டியே' என்று கேட்டார். 'ரோட்டில நீங்க இருக்கும்போது பேசினா எனக்குத்தான் பயமா இருக்கு அத்தே' என்றேன். சமாதானம் ஆனாரா தெரியாது. இப்போதும் என் பெயர் வந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டே எடுக்கிறார். எடுத்ததும் 'நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்' என்று பொய் சொல்கிறார். பின்னால் லாரி ஹாரன் கேட்கிறது.

எங்கே வந்திருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் இருப்பிடத்தைப் போனிலேயே பகிரச் சொல்லலாம், கேட்கவே வேண்டாம். ஓட்டும்போது அழைப்பையும் செய்தியையும் அடக்கி வைத்து, 'ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று தானே பதில் அனுப்பும் வசதி ஐபோனில் 2017இலிருந்தே இருக்கிறது, மற்ற போன்களிலும் உண்டு. அதை முடுக்கி வைத்திருக்கும் ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பதில் வராவிட்டால் மறுமுனை கோபித்துக்கொள்ளும் என்ற பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

'அவசரம்னா என்ன பண்றது?' என்று ஒரு நண்பர் மடக்கினார். யாருக்கோ உடம்பு சரியில்லை, மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று சொல்லியே ஆகவேண்டும் என்றால்? நான் எதிர்க்கேள்வி கேட்டேன்: அப்படிப்பட்ட செய்தியை 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் ஒருவர் காதில் போடுவாயா? அவரால் அந்த நொடியில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நடுங்கும் கையோடு இன்னும் வேகமாக ஓட்டுவதைத் தவிர. அப்படி அவசியம் வந்தால் செய்தியை விழுங்கிக்கொண்டு, சாதாரணக் குரலில் 'வண்டியை ஓரமா நிறுத்திட்டு என்னைக் கூப்பிடு, ஒரு விஷயம் கேக்கணும்' என்று மட்டும் சொல்ல வேண்டும். நண்பர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ஆனா அப்படிச் சொன்னாலே ஏதோ விபரீதம்னு அவனுக்குத் தெரிஞ்சிடுமே' என்றார். அதுவும் உண்மைதான். அதனால்தான் அந்தப் பேச்சைச் சும்மா நாளிலேயே பழக்கிவைக்கச் சொல்கிறேன். கடையில் என்ன வாங்கிவர வேண்டும் என்று கேட்பதற்கும் 'நிறுத்திட்டுக் கூப்பிடு' என்றே சொல்லிப் பழகியிருந்தால், அன்றைக்கும் அது வழக்கமான வாக்கியமாகத்தான் காதில் விழும்.